நன்றி, காரணம், வருத்தம்

இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள்தான் உலகத்தில் முக்கால்வாசிப் பேர். மீதிக் கால்வாசிப் பேர் அவர்களை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். டயர் கடைக்கு மேலே மாடி அறையில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு நடத்திய டீச்சருக்கு இந்த உண்மை வெகு நாளைக்கு முன்பே பிடிபட்டுவிட்டது. அவளிடம் படிக்க வந்த எல்லோரும் அந்த முக்கால்வாசியைச் சேர்ந்தவர்கள்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர். முதலாளி லீவு நாளில் கூப்பிட்டாலும் ‘யெஸ் சார்’ என்று ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். தையல்காரம்மா ஒருத்தி. கையிலிருக்கிற துணியே மலையாய்க் குவிந்து கிடக்கும். புதிதாக யார் கொண்டுவந்தாலும் ‘கொடுத்துட்டுப் போங்க’ என்று வாங்கி வைப்பாள். அவர்கள் கேட்க வரும்போது மெஷினுக்குப் பின்னால் குனிந்து ஊசி தேடுவாள். தாய்மொழியிலேயே வராத ‘மாட்டேன்’ இவர்களுக்கு இங்கிலீஷில் எப்படி வரும்? அதனால் டீச்சர் அந்த மாதம் முழுக்க மறுப்பதைப் பற்றியே பாடம் நடத்துவது என்று தீர்மானித்தாள்.

கடைசி பெஞ்சில் தேங்க்யூ உட்கார்ந்திருந்தார். அது வகுப்பு வைத்த பெயர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின்களைச் சர்வீஸ் பண்ணுவது அவர் வேலை. பேனா கொடுத்தால் தேங்க்யூ, தப்பைத் திருத்தினால் தேங்க்யூ, காலை மிதித்தால்கூடத் தேங்க்யூ. குரல் உயராது. செருப்பைக்கூட வாசலில் ஜோடி பிசகாமல் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். வகுப்பு மூலையிலிருந்த மெஷின் மக்கர் பண்ணியபோது யாரும் கேட்காமலே பிரித்து மாட்டிக் கொடுத்தார். “எந்த வீட்டு நாயும் என்னைப் பார்த்துக் குலைக்காது மிஸ்” என்று ஒருநாள் சொன்னார். அவர் பெருமையாகப் பேசி யாரும் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டீச்சர் போர்டில் ‘டர்ன் டவுன்’ என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

“இதுக்கு மறுக்கிறதுன்னு அர்த்தம். ஆனா எல்லா மறுப்பும் இது ஆகாது. நாளைக்கு வா, நாளான்னைக்கு வான்னு இழுத்தடிச்சா அது தட்டிக்கழிக்கிறது. என்கிட்ட ஏதுப்பான்னா அது கைவிரிக்கிறது. வாசல்லயே நிறுத்தி, போய்யான்னா அது விரட்டுறது. டர்ன் டவுன்ல ஒருத்தர் உங்க முன்னாடி ஒண்ணை நீட்டணும். வேலையோ, அழைப்போ, உதவியோ, எதுவா வேணா இருக்கட்டும். நீங்க அதைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்லணும். எதிர்ல நீட்டின கை ஒண்ணு இல்லாம இந்த வார்த்தையே கிடையாது.”

“ஆளையே டர்ன் டவுன் பண்ணலாமா மிஸ்?” என்றாள் தையல்காரம்மா, பக்கத்தில் இருப்பவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு.

“ஓ, பண்ணலாமே. கட்டிக்கிறியான்னு கேட்டு வந்தவனை அப்படித்தான் சொல்லணும். ஷீ டர்ண்டு ஹிம் டவுன். அவன் கேட்டான், அவ மாட்டேன்னுட்டா.”

“பாவம் மிஸ் அவன்” என்றார் லிஃப்ட் மெக்கானிக். வகுப்பே சிரித்தது. தேங்க்யூ மட்டும் சிரிக்காமல் அந்த வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டீச்சர் தன் சொந்தச் சரக்கை எடுத்து விட்டாள். போர்டில் மேலிருந்து கீழாக மூன்று வார்த்தை: நன்றி, காரணம், வருத்தம். எதை மறுத்தாலும் இந்த வரிசையில்தான் மறுக்க வேண்டும். முதலில் கேட்டதற்கு நன்றி. அப்புறம் ஏன் முடியாது என்பதற்கு ஒரு காரணம். கடைசியில் ஒரு வருத்தம். இந்த மூன்று படியை எந்தப் புத்தகத்திலிருந்தும் அவள் எடுக்கவில்லை. அம்மா போன பிறகு தனியாளாகத் தங்கையை வளர்த்தபோது, ஊரோடு பகைத்துக்கொள்ளாமல் வாழ அவளே கண்டுபிடித்த வழி அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

“நடுவுல இருக்கே காரணம், அதுதான் முக்கியம். காரணம் சொல்லாம மறுத்தா மூஞ்சில அடிச்ச மாதிரி. காரணம் சொல்லி மறுத்தா வலிக்காம ஊசி போட்ட மாதிரி.”

தேங்க்யூ கையைத் தூக்கினார்.

“அந்தக் காரணம் அப்புறம் இல்லாம போயிடுச்சுன்னா மிஸ்?”

“புரியலையே சார்.”

“ஒருத்தங்க காரணம் சொல்லி மறுக்கிறாங்க. கொஞ்ச நாள்ல அந்தக் காரணமே இல்லன்னு ஆயிடுது. அப்ப அந்த மறுப்பு இருக்கா, இல்லையா?”

கெட்டிக்காரத்தனமான கேள்வி என்றால் டீச்சருக்கு உயிர். அதைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லாவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. “காரணம் போச்சுன்னா மறுப்பும் போச்சு. தாராளமா திரும்பப் போய்க் கேட்கலாம்” என்றாள்.

“தேங்க்யூ மிஸ்” என்று தேங்க்யூ உட்கார்ந்தார். வாரம் ஒரு மறுப்பாவது செய்துவிட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்து டீச்சர் மணியடித்தாள். படியில் இறங்கும்போது லிஃப்ட் மெக்கானிக், “சாருக்குப் புதுக் கண்ணாடி, கவனிச்சீங்களா?” என்று தேங்க்யூவைக் கிண்டல் பண்ணினார்.

வீட்டில் தங்கை அன்றைக்கு ஒரே குஷியில் இருந்தாள். ஊரின் இன்னொரு கோடியில் ஒரு கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைப்பது, ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, முகம் எப்படி இருந்தாலும் ‘உங்க முகத்துக்கு அம்சமா இருக்கு’ என்று சொல்வது. அவள் காலடியில் மேனேஜர் படுத்திருந்தது. மேனேஜர் என்பது அவர்கள் நாய். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை மட்டும் அதட்டும் என்பதால் அந்தப் பெயர்.

“அக்கா, இன்னிக்கு நீ என்னைப் பார்த்துப் பெருமைப்படணும்.”

“எதுக்கு? காலையில எழுப்பாமலே எழுந்துட்டியா?”

“ஒரு கஸ்டமர் காப்பி சாப்பிடப் போகலாமான்னு கேட்டார். உன் மூணு படியையும் எடுத்து விட்டேன் பாரு! ‘ரொம்ப நன்றிங்க. ஆனா கடை விட்டதும் நேரா வீட்டுக்குப் போயிடுவேன், நான் போகாம எங்க நாய் சாப்பிடாது. மன்னிச்சுக்கோங்க.’ எப்படி?”

“பிரமாதம். ஆளு எப்படி?”

“எப்படின்னா? கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடிக் கடைக்கு வர்றவர் வேற என்ன போட்டிருப்பார்?” சிரித்தவள் சட்டென்று தோளைக் குலுக்கிக்கொண்டாள். “உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அவரைப் பார்த்தாலே மேல பல்லி விழுந்த மாதிரி இருக்கு. ஏன்னு தெரியல. மரியாதையாத்தான் பேசறார். அதைச் சொல்லியிருக்கணுமோ?”

“சேச்சே. மனுஷன் மனசு நோகாதா? நாய்னு சொன்னியே, அதுதான் அழகு.”

“‘அவ்வளவுதானா காரணம்’னு கேட்டார். ஆமா, அவ்வளவுதான்னேன். போயிட்டார்.”

நாயைத்தான் காரணம் சொன்னோம் என்று இரண்டு பேரும் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததும் அது வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் ஒரு காலையில் மேனேஜர் கேட்டுக்குப் பக்கத்தில் கால்களை நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. வாயெல்லாம் நுரை. தங்கை அதன் தலையை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலைக்குக் கிளம்ப மறந்துவிட்டாள். எலி மருந்தைத் தின்றிருக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ராத்திரி குலைத்ததா என்று டீச்சர் கேட்டாள். “இல்லையே. கேட் சத்தம்கூட லேசா கேட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா நாய் குலைக்கல. அதான் நானும் எழுந்து பார்க்கல” என்றார் அவர். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டி அதைப் புதைத்தார்கள். டீச்சருக்கும் தாங்கவில்லை. அழுதாள். நாய்க்குப் போய் அழுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகவே இல்லை.

வகுப்புக்குப் போகாமல் இருக்க முடியுமா? வீங்கின கண்ணோடு போனாள்.

வீட்டுப்பாடம் கேட்கிற நாள். லிஃப்ட் மெக்கானிக் மார்பை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். முதலாளி லீவு நாளில் கூப்பிட்டாராம், மாமியார் வருகிறார் என்று காரணம் சொல்லி இவர் டர்ன் டவுன் பண்ணினாராம். “அப்புறம்?” “அவங்களையும் கூட்டிட்டு வாய்யா, லிஃப்ட்டைச் சுத்திக் காட்டலாம்னுட்டார் மிஸ்.” டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தையல்காரம்மா ஒரு சட்டையை மறுத்துவிட்டு, மனசு கேட்காமல் பின்னாலேயே ஓடிப்போய் வாங்கி வந்த கதையைச் சொன்னாள். பிறகு தேங்க்யூ எழுந்தார். இந்த வாரமும் புதுக் கண்ணாடி, தடித்த கறுப்பு ஃபிரேம்.

இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாக அடி எடுத்து வைத்தார். ஒரு பெண்ணைக் கேட்டேன். என்னை டர்ன் டவுன் செய்தார். காரணம் சொன்னார். அந்தக் காரணம் இல்லை.

“அப்படிச் சொன்னா முதல்லேர்ந்தே இல்லைன்னு ஆயிடும் சார்” என்று டீச்சர் திருத்தினாள். “முன்னாடி இருந்தது, இப்ப இல்ல. அப்ப நோ லாங்கர் போடணும். எங்கே, திரும்பச் சொல்லுங்க.”

“த ரீசன் இஸ் நோ லாங்கர் தேர்.”

“கரெக்ட்.”

“தேங்க்யூ மிஸ். கண்ணு சிவந்திருக்கு. உடம்பைப் பார்த்துக்கோங்க.”

“அப்ப இன்னும் என்ன யோசனை? போய்த் திரும்பக் கேளுங்க சார்!” என்று தையல்காரம்மா உற்சாகப்படுத்தினாள். தேங்க்யூவுக்காக வகுப்பே கை தட்டியது. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

அவர் திரும்பக் கேட்டார். அது டீச்சருக்குத் தெரியாது; அந்தக் கஸ்டமர் மறுபடி வந்தார் என்று தங்கை சொன்னது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். “நாய் போனதுக்கு ரொம்ப வருத்தப்பட்டார்க்கா” என்றாள் தங்கை. “கடையில யாராவது சொல்லியிருப்பாங்க. இப்பதான் வீட்டுக்கு ஓட வேண்டாமே, காப்பி சாப்பிடலாமேன்னார். கடை எட்டு மணி வரைக்கும், எனக்கு லீவே கிடையாது, முதலாளி ரொம்பக் கண்டிப்புன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“நல்லதா போச்சு. இனிமே வர மாட்டார்” என்றாள் டீச்சர்.

அதற்குப் பிறகு கண்ணாடிக் கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. கவுன்டரில் இருக்கிற பெண் வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுகிறாள் என்று ஒரு போன். பவர் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டாள், தலைவலி தாங்கவில்லை என்று ஒரு போன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ஒவ்வொன்றும் வேறு வேறு நம்பரிலிருந்து. முதலாளி முதலில் நம்பவில்லை. ஆனால் அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? ஒருநாள் தங்கையைக் கண் பரிசோதிக்கிற அறைக்குள் கூப்பிட்டு, எழுத்துப் பலகைக்கு எதிரில் உட்கார வைத்து, இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி சொன்னார். கடையின் பெயர் கெடுகிறது என்று காரணம் சொன்னார். தனக்கே மனசு கஷ்டமாக இருப்பதாக வருத்தமும் சொன்னார்.

“மூணு படியும் வரிசை தப்பல அக்கா. உன்கிட்ட படிச்சிருப்பார் போலிருக்கு” என்று தங்கை சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதாள்.

டீச்சர் அந்த முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். துணியை மடித்து வைத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நெருடியது. நாய் காரணம் என்றாள், நாய் போயிற்று. வேலை காரணம் என்றாள், வேலை போயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். தள்ளியிருக்கக் கூடாது.

தங்கை வேறு வேலை தேடி அலைந்தாள். ஒருநாள் மத்தியானம், முகம் வெளுத்துப்போய்த் திரும்பி வந்து, உள்ளே நுழைந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

“அந்தாள் பஸ் ஸ்டாப்ல நிக்கிறார்க்கா. நான் இன்டர்வியூக்குப் போன இடத்து பஸ் ஸ்டாப்ல. நான் அங்கே போறேன்னு எப்படித் தெரியும்?”

“என்னடி சொல்றே! என்ன பேசினான்?”

“வேலையும் இல்லையே, இப்பவாவது நேரம் இருக்குமேன்னார். அதே மரியாதை, அதே குரல்.”

“நீ என்ன சொன்னே?”

“என்னத்தைச் சொல்ல? நாயும் இல்ல, வேலையும் இல்ல. மிச்சம் இருந்தது நீதான். ‘எங்க அக்கா ஒத்துக்க மாட்டாங்க, அவங்க பேச்சை நான் தட்டினதே இல்ல’ன்னுட்டேன். தப்பாக்கா?”

“தப்பில்லடி” என்றாள் டீச்சர். ஆனால் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். நாளைக்குக் கண்ணாடிக் கடைக்கே போய் அந்த ஆள் யார், எங்கே வேலை செய்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, போலீஸுக்குப் போவது என்று முடிவு பண்ணினாள். சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பும்போது, யார் வந்தாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்று தேங்க்யூ மெல்லிய தங்க நிற ஃபிரேம் போட்டிருந்தார். “சார் கண்ணாடிக் கடையே வச்சிடுவார் போலிருக்கே” என்றார் லிஃப்ட் மெக்கானிக். டீச்சருக்குப் பாடத்தில் மனசு ஒட்டவில்லை. தொண்டை வறண்டது. மூலையிலிருந்த மெஷினில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மேஜையில் சாய்ந்து நின்று, வீட்டுப்பாடத்தைச் சொல்லச் சொன்னாள்.

தேங்க்யூதான் முதலில் எழுந்தார். “இன்னிக்கு மட்டும் தமிழ்ல சொல்லட்டுமா மிஸ்? கொஞ்சம் முக்கியமான விஷயம்.”

“சொல்லுங்க.”

“நான் கேட்டதை அவங்க மூணாவது தடவையும் டர்ன் டவுன் பண்ணிட்டாங்க மிஸ். அவங்க அக்கா ஒத்துக்க மாட்டாங்களாம்.”

டம்ளர் டீச்சரின் உதட்டருகே நின்றுவிட்டது.

“அடப்பாவமே, நடுவுல அக்காகாரி ஒருத்தி வேறயா?” என்று தையல்காரம்மா உச்சுக் கொட்டினாள்.

“ஆமாங்க. மத்ததெல்லாம் சரியாயிடுச்சு. அக்கா ஒருத்தங்கதான் பாக்கி” என்று தேங்க்யூ டீச்சரைப் பார்த்துச் சொன்னார்.

கறுப்பு ஃபிரேம், தங்க ஃபிரேம், குலைக்காத நாய், வேறு வேறு நம்பரிலிருந்து போன். எல்லாம் ஒரே நொடியில் வந்து வரிசையில் நின்றன. இனி அவனுக்கு மரியாதை எதற்கு? அவனுக்கு இவள் யார் என்று தெரியும். முதல் நாளிலிருந்தே தெரிந்துதான் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறான். கையிலிருந்த தண்ணீரைப் பார்த்தாள். அந்த மெஷினை அவன்தான் பிரித்து மாட்டினான். ஒரு சொட்டு உள்ளே போயிருக்குமா, இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. டம்ளரை மெல்ல மேஜையில் வைத்தாள்.

கோபம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் வந்தது. தங்கைக்காகக்கூட இல்லை, சாட்சாத் தனக்காக. நாய்க்குப் பிறகு வேலை, வேலைக்குப் பிறகு அக்கா. அந்த வரிசையில் தான் நிற்கிற இடம் அவளுக்குத் தெரிந்தது. எப்படியாவது அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட வேண்டும் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது.

“அக்கா குறுக்கே நிக்கல” என்றாள். குரல் கீச்சென்று வந்தது. “கேட்டுக்கோங்க. அக்காவுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. நாயும் காரணம் இல்ல, வேலையும் காரணம் இல்ல. அவளுக்கு உங்களைப் பிடிக்கல. முதல் நாள்லேர்ந்தே பிடிக்கல. காரணம் அவதான். அவ மட்டும்தான்.”

அவன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். கணக்கு விடை வந்துவிட்ட பையனைப் போல அவன் முகம் தெளிந்தது.

“அப்ப அவங்கதான் காரணம்.”

“ஆமா.”

“அவங்களைத் தவிர வேற ஒண்ணும் இல்ல.”

“வேற ஒண்ணும் இல்ல.”

“தேங்க்யூ மிஸ்” என்றான். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பெஞ்சைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, வாசலில் ஜோடியாக விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். கீழே அவன் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

“மிஸ், அது உங்க தங்கச்சியா?” என்று தையல்காரம்மா எழுந்து வந்தாள். டீச்சர் தலையை ஆட்டினாள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாய் செத்தது, வேலை போனது எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக் பல்லைக் கடித்தார். அவனுக்குக் கை தட்டினோமே என்று தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“விடுங்க மிஸ், அதான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்களே. வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு. இனிமே காரணம் காரணம்னு அவன் எதைத் தேடுவான்?”

டீச்சரும் அப்படித்தான் நினைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். போர்டை அழிக்கலாம் என்று எழுந்தாள். நன்றி, காரணம், வருத்தம். அழிக்கப் போன கை நடுவில் இருந்த வார்த்தையின் மேல் அப்படியே நின்றது.

நாயைக் காரணம் சொன்னார்கள், அவன் நாயை இல்லாமல் செய்தான். வேலையைக் காரணம் சொன்னார்கள், வேலையை இல்லாமல் செய்தான். இப்போது இவள் எதைக் காரணம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்? தன் தலை தப்பினால் போதும் என்று தங்கையை அல்லவா கை காட்டிவிட்டாள்!

“ஐயோ” என்று அவள் போட்ட சத்தத்தில் கீழே டயர் கடைக்காரர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “நான் வண்டியை எடுக்கிறேன், வாங்க” என்று படியில் தாவி இறங்கினார். பின்னாலேயே டீச்சர் வெறுங்காலோடு இறங்கிக்கொண்டே போனை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு, எடுடி.

“சொல்லுக்கா.”

“எங்கேடி இருக்கே?”

“எங்கே இருப்பேன்? வீட்லதான். என்ன மூச்சு வாங்குது உனக்கு? இரு, யாரோ பெல் அடிக்கிறாங்க.”

“திறக்காதே! திறக்காதேடி!”

“ஏன்க்கா?”

“ஏன்னு கேட்காதே. திறக்காதே, அவ்வளவுதான்.”

“சரி சரி, கத்தாதே. திறக்கல. உள்ளே இருந்தே பேசி அனுப்பிடறேன்.”

போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. வாசல் பக்கத்துச் செருப்பு ஸ்டாண்டின் மேலே வைத்திருப்பாள், அங்கேதான் எப்போதும் வைப்பாள். “கதவுகிட்டயே போகாதே! எதுவும் பேசாதே!” என்று டீச்சர் கத்திய கத்தலெல்லாம் அந்தச் செருப்புகளுக்குத்தான் கேட்டிருக்கும். வண்டி கிளம்பிவிட்டது. பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள்.

கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல், உயராத, மரியாதையான குரல், என்னவோ கேட்டது. தூரத்தில் தங்கை பதில் சொன்னாள்.

“வேண்டாங்க. போயிடுங்க.”

அவள் சொன்னது அவ்வளவுதான். நன்றி இல்லை, காரணம் இல்லை, வருத்தமும் இல்லை. என் கண்ணே, அப்படித்தான், அதோடு நிறுத்திக்கோ என்று டீச்சர் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுக் கெஞ்சினாள். இத்தனை வருஷம் தான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் அவள் இந்த ஒரு நிமிஷம் மறந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மறுபடி பெல் அடித்தது. அந்தக் குரல் கதவுக்கு இன்னும் நெருக்கத்தில் வந்து, பொறுமையாக, தெளிவாகக் கேட்டது.

“காரணம் மட்டும் சொல்லுங்க, போதும்.”

பிறகு, சின்ன வயதிலிருந்து அக்கா ஊட்டி வளர்த்த மரியாதையோடு தங்கை ஆரம்பித்தாள்.

“கேட்டதுக்கு நன்றிங்க. ஏன்னா…”